சங்கத்தில் சேருவதா, அந்தக் காசுக்குக் கோர்ஸ் படிப்பதா? பிசியோக்கள் சொல்லுங்கள்

புதுப்பிசியோ:
எல்லோருக்கும் வணக்கம். எலும்பு-மூட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து இப்போதுதான் கால் ஊன்றியிருக்கிறேன். சங்கத்தில் சேர்ந்துவிடு என்று சீனியர்கள் சொல்கிறார்கள், சந்தா கட்டுகிற காசுக்கு ஒரு நல்ல வொர்க்‌ஷாப் போய்விட்டு வரலாமே என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டையும் செய்ய இந்த வருடம் கை தாங்காது. கவுன்சிலில் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன், அதற்கு மேல் சங்கம் எதற்கு என்பது முதல் கேள்வி. தொடர்கல்வி என்று எதையெல்லாம் காட்டலாம், வெபினார் பார்த்து சர்டிபிகேட் வாங்கினால் போதுமா, டிரை நீட்லிங் (மருந்து இல்லாமல் தசையில் மெல்லிய ஊசி குத்துகிற சிகிச்சை) கோர்ஸ் இப்போதே போகலாமா என்பதெல்லாம் அடுத்தடுத்த கேள்விகள். அனுபவம் உள்ளவர்கள் விவரமாக எழுதினால் என்னைப் போல நிறையப் பேருக்கு உதவும்.

தண்டுவடம்:
முதலில் பதிவையும் உறுப்பினர் அட்டையையும் தனித்தனியாகப் பாருங்கள் நண்பரே, இந்தக் குழப்பம்தான் எல்லோருக்கும். பதிவு என்பது நோயாளியைக் காப்பாற்ற. அந்தப் பெயர்ப் பட்டியலில் நீங்கள் இருந்தால், தகுதி உள்ளவர், ஏதாவது தவறு நடந்தால் கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கிறது என்று பொதுமக்களுக்குத் தெரியும். பல நாடுகளில் பதிவு இல்லாமல் பிசியோதெரபிஸ்ட் என்று பெயர் போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம். சங்கம் அப்படி அல்ல, அது தொழிலுக்கும் அதில் இருப்பவர்களுக்கும் ஆனது, பெரும்பாலான இடங்களில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். பிரிட்டனில் பதிவு ஒரு அமைப்பிடம், சங்கம் தனி, அந்தச் சங்கமே தொழிற்சங்கமாகவும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாரியம் வேறு, சங்கம் வேறு. இந்தியாவில் தேசிய அளவில் பதிவுக்கு வழி செய்யும் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல்தான் வந்தது, சங்கமோ அதற்கு வெகுகாலம் முன்பே, 1955-இலேயே தொடங்கிவிட்டது.

சங்கம் எதற்கு என்று கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இந்தத் தொழில் பிறந்த விதம்தான். 1894-இல் லண்டனில் மசாஜ் என்ற பெயரில் தவறான தொழில் நடக்கிறது என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. அப்போது நான்கு பெண்கள், செவிலியர் பின்னணியில் வந்தவர்கள், ஒன்று சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, தேர்வு வைத்து, தேறியவர்களுக்கு மட்டும் சான்று கொடுத்து, எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று விதி எழுதினார்கள். இன்றைக்கு இருக்கிற பிரிட்டன் சங்கம் அதன் தொடர்ச்சிதான். 1920-இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. அரசு பதிவேடு வைக்கச் சட்டம் போட்டது 1960-இல். அதாவது தரம் வேண்டும் என்று முதலில் சொன்னது தொழில் செய்தவர்கள், அரசு பிறகுதான் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் 1921-இல் சங்கம் தொடங்கியவர்களும் பெண்கள்தான், மேரி மக்மில்லன் முதல் தலைவர். 1951-இல் 11 நாடுகளின் சங்கங்கள் கோபன்ஹேகனில் கூடி உலக அமைப்பை ஆரம்பித்தன. செப்டம்பர் 8-ஐ உலக பிசியோதெரபி தினமாகக் கொண்டாடுகிறோமே, அந்தத் தேதி அங்கிருந்துதான் வருகிறது.

நடைக்கோல்:
வரலாற்றை மதிக்கிறேன் சார், ஆனால் புதிதாக வந்தவர் கேட்பது தன் சந்தாவுக்கு இன்று என்ன கிடைக்கும் என்று. நான் பல வருடம் ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டினேன், பெயர் வேண்டாம். வந்ததெல்லாம் தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு மெசேஜ், மாநாட்டுக்குப் பதிவு செய்யச் சொல்லி மெசேஜ், அப்புறம் அடுத்த வருடச் சந்தா நினைவூட்டல். வேலை செய்த இடத்தில் ஒரே நேரத்தில் மிக அதிகமான நோயாளிகளை ஒப்படைத்தார்கள், ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை மூன்று பேருக்குப் பங்கிட வேண்டிய நிலை. அதைப் பற்றிக் கடிதம் போட்டபோது பதிலே வரவில்லை. அந்தக் காசைச் சேர்த்து நரம்பியல் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போனேன், பக்கவாத நோயாளியைப் படுக்கையிலிருந்து உட்காரவைக்கும் முறையே மாறிப்போனது. எனக்குக் கணக்கு தெளிவாக இருக்கிறது.

தண்டுவடம்:
நடைக்கோல், அந்தக் கடிதத்துக்குப் பதில் வராதது நிச்சயம் தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பதில் சொல்லாத சங்கத்தை விட்டு விலகுவது உங்கள் உரிமை. ஆனால் சங்கத்தால் கிடைத்தது என்று தெரியாமலேயே நாம் அனுபவிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். லண்டன் சங்கத்தின் ஆரம்ப விதிகளில் ஒன்று, மருத்துவர் சொல்லாமல் நோயாளி மேல் கை வைக்கக் கூடாது என்பது. உலகம் முழுக்க நெடுங்காலம் அதுதான் நடைமுறை. ஆஸ்திரேலியச் சங்கம் 1976-இல் தன் நெறிமுறையிலிருந்து அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பரிந்துரைச் சீட்டு இல்லாமல் நோயாளி நேராக பிசியோவிடம் வரலாம், பார்த்து முடிவெடுக்கிற பொறுப்பு பிசியோவுடையது என்று நிலை மாறியது. அதற்குப் பின் பல நாடுகள் அதே வழிக்கு வந்தன. இதைத் தனி ஆள் யாரும் செய்திருக்க முடியாது, எந்த வொர்க்‌ஷாப்பும் செய்து தராது.

இன்னொன்று, புதுப்பிசியோவுக்கு இதுதான் உடனடியாக வேண்டியது: தொழில் பொறுப்புக் காப்பீடு. சில சங்கங்களில் உறுப்பினர் கட்டணத்துக்குள்ளேயே அது வருகிறது, சிலவற்றில் சலுகை விலையில் தனியாக வாங்கலாம். உங்கள் சங்கத்தில் எப்படி என்று கேளுங்கள். கேட்கும்போது, சிகிச்சை நடந்த தேதியை வைத்துக் காப்பா, வழக்கு வந்த தேதியை வைத்துக் காப்பா என்பதையும் கேளுங்கள். இரண்டாவது வகை என்றால், நீங்கள் பாலிசியை நிறுத்திய பிறகு பழைய நோயாளி ஒருவர் வழக்குப் போட்டால் காப்பு இருக்காது, அதற்குத் தனியாக நீட்டிப்பு வாங்க வேண்டும். முதலாளி எடுத்திருக்கும் காப்பீடு இருக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சாயந்திரம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நோயாளிக்கும் விளையாட்டுப் போட்டியில் மைதானத்தில் நிற்கிற வேலைக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுப்பிசியோ:
காப்பீடு பற்றி யோசித்ததே இல்லை, நன்றி சார். மருத்துவமனை அலுவலகத்தில் கேட்கிறேன். தொடர்கல்வி மணிநேரக் கணக்கு பற்றி யாராவது சொல்லுங்களேன்.

சுவாசப்பிரிவு:
இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மணிநேரம் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்திரேலிய வாரியம் வருடத்துக்கு 20 மணிநேரம் கேட்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு. பிரிட்டனில் மணிநேரமே கிடையாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, நீ கற்றது என்ன, அதனால் உன் வேலையில் என்ன மாறியது, நோயாளிக்கு என்ன பயன், காட்டு என்று கேட்கிறார்கள். 100 பேரில் இரண்டு மூன்று பேர்தான் மாட்டுவார்கள், ஆனால் யார் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் எல்லோரும் பதிவேடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் பார்வையில் பிரிட்டன் முறைதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறது. காரணம் சொல்கிறேன். கூட்டம், வொர்க்‌ஷாப் மூலம் நடக்கும் தொடர்கல்வி மருத்துவத் துறையினரின் நடைமுறையை எவ்வளவு மாற்றுகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற காக்ரேன் குழு ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்டார்கள். விரும்பிய நடைமுறையைப் பின்பற்றுவதில் கிடைத்த முன்னேற்றம், இடைநிலை மதிப்பில், 6 சதவீதப் புள்ளி. ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை, ஆனால் நாம் செலவழிக்கிற காசையும் விடுமுறை நாளையும் பார்த்தால் குறைவுதான். பேச்சு மட்டும் கேட்டுவிட்டு வராமல், கேட்பதும் செய்துபார்ப்பதும் கலந்த நிகழ்ச்சிகளில் பலன் கூடுதலாக இருந்தது.

இன்னும் முக்கியமானது இன்னொன்று. மருத்துவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டதையும் வெளியிலிருந்து அளந்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 ஒப்பீடுகளில் 13-இல் இரண்டுக்கும் பொருத்தமே இல்லை அல்லது மிகக் குறைவு, சிலவற்றில் தலைகீழ். அதாவது எனக்கு எது தெரியாது என்பது எனக்கே தெரிவதில்லை. அப்படியிருக்க, கோர்ஸ் பட்டியலைப் பார்த்து எனக்குப் பிடித்ததை நானே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? தோள்பட்டை பிடித்தவர் நான்காவது முறையாகத் தோள்பட்டை கோர்ஸுக்குத்தான் போவார். சமநிலைச் சோதனையைத் தப்பாகச் செய்கிறவருக்கு அது தப்பு என்று சொல்ல ஆளே இருக்காது. பக்கத்தில் நின்று பார்க்கிற சக பிசியோ வேண்டும். சங்கத்தையும் நான் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்ப்பேன்: என் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஆட்களிடம் அது என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா?

நடைக்கோல்:
இதை ஏற்றுக்கொள்கிறேன். நான் போன நரம்பியல் பயிற்சி எனக்குப் பயன்பட்டதற்கும் காரணம் அதுதான். வகுப்பு முடிந்த பிறகு நாங்கள் நோயாளியைக் கையாளும் வீடியோவை அனுப்பச் சொல்லி, இடுப்பில் எங்கே கை வைத்தோம், எப்போது உதவியைக் குறைத்தோம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார்கள். ஆனால் அதைச் செய்தது சங்கம் அல்ல என்பதையும் பதிவு செய்கிறேன்.

மணிக்கட்டு:
நான் தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறேன், கை சிகிச்சைதான் முக்கிய வேலை, இருந்தாலும் எல்லா நோயாளிகளும் வருவார்கள். தனியாக வேலை பார்க்கிறவர்களுக்கு சுவாசப்பிரிவு அக்கா சொன்னது அப்படியே பொருந்தும். காலையில் கதவைத் திறந்து இரவு மூடும்வரை நான் சொல்வதை மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. நான் சங்கத்தில் இருப்பதற்கு ஒரே காரணம் அதிலுள்ள கை சிகிச்சைத் துணைக்குழு. மாதாமாதம் யாராவது ஒருவர் ஒரு கேஸ் கொண்டுவருவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

பதிவேடு எப்படி எழுதுவது என்று பலர் கேட்பார்கள், அதனால் என் நோட்டிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன், ஆள் அடையாளம் எதுவும் இல்லாமல். கணுக்கால் சுளுக்கு, ஆறாவது வாரம், வலி இல்லை, வீக்கம் இல்லை, ஓட வேண்டும் என்கிறார். கேள்வி என்று ஒரு வரி: வலி போய்விட்டது என்பதை மட்டும் வைத்து விளையாட அனுப்பலாமா? தேடியது: ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்குவது மிகச் சாதாரணம், சமநிலைப் பயிற்சி அதைக் குறைக்கிறது. செய்தது: ஒற்றைக்காலில் நிற்கவைத்து மறுகாலை முன்பக்கம், பின்பக்க உள்புறம், பின்பக்க வெளிப்புறம் என்று மூன்று திசையிலும் நீட்டச் சொல்லி இரண்டு காலையும் ஒப்பிட்டேன். அடிபட்ட காலில் நின்றபோது முன்பக்கம் நீட்டுகிற தூரம் தெளிவாகக் குறைந்தது, குதிகால் தரையிலிருந்து எழும்பியது. முழங்காலை முன்னே மடக்கிச் சுவரில் தொடவைத்துப் பார்த்தால் கணுக்கால் மடங்குவதே குறைவு. மாற்றியது: இனி எந்தச் சுளுக்கு கேஸையும் இந்த இரண்டு சோதனையும் எழுதாமல் முடித்து அனுப்புவதில்லை. அவ்வளவுதான், அரைப் பக்கம். இது வெபினார் சர்டிபிகேட்டை விடப் பத்து மடங்கு பெறும் என்பேன், ஏனென்றால் இதில் நோயாளி இருக்கிறார்.

புதுப்பிசியோ:
இது ரொம்பத் தெளிவாக இருக்கிறது. ஆனால் 'தேடியது' என்று எழுதியிருக்கிறீர்களே, கட்டுரைகள் பாதிக்கு மேல் காசு கட்டினால்தான் திறக்கின்றன. கல்லூரி லாகின் போனதும் எல்லாக் கதவும் மூடிவிட்டது.

சுவாசப்பிரிவு:
பெட்ரோ தளத்தில் தொடங்குங்கள். சிட்னியிலிருந்து 1999 முதல் நடக்கிறது, பிசியோவுக்கென்றே உள்ள தரவுத்தளம், இலவசம். சோதனை ஆய்வுகள், தொகுப்பாய்வுகள், சிகிச்சை வழிகாட்டிகள் மூன்றும் இருக்கும். ஒவ்வொரு சோதனை ஆய்வுக்கும் 10-க்கு இத்தனை என்று முறைத்தரத்துக்கு மதிப்பெண் போட்டிருப்பார்கள், அதனால் எதை முதலில் படிப்பது என்று குழம்ப வேண்டியதில்லை. மதிப்பெண் அதிகம் என்றால் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமல்ல, ஆய்வை ஒழுங்காக நடத்தியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் முழுதாகவே இலவசமாகக் கிடைக்கும், அங்கிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம். சில சங்கங்கள் உறுப்பினர்களுக்கு ஆய்விதழ் அணுகல் தருகின்றன, சேரும் முன் அதையும் கேளுங்கள்.

படிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ் சமாச்சாரமே போதும். ஓய்வு, ஐஸ், அழுத்தக்கட்டு, உயர்த்திவைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் 'ரைஸ்' என்று சுருக்கப் பெயர் வைத்தவர் கேப் மிர்கின் என்ற மருத்துவர். 2014-இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று நிலையை மாற்றிக்கொண்டார். முதுகுவலிக்குப் படுக்கை ஓய்வு என்று சொல்லிக்கொண்டிருந்த காலமும் ஒன்று இருந்தது, இன்றைய வழிகாட்டிகள் முடிந்தவரை இயங்கச் சொல்கின்றன. கல்லூரியில் படித்ததோடு நின்றவர் இன்றும் பழையதையே சொல்லி அனுப்புவார், நோயாளியும் நம்பிப் படுத்துக்கொள்வார்.

தண்டுவடம்:
டிரை நீட்லிங் கேள்வியை யாரும் தொடவில்லையே. கோர்ஸுக்குப் போகும் முன் மூன்று இடத்தில் கேளுங்கள். உங்கள் சட்டப்படி அது பிசியோவின் வேலை வரம்புக்குள் வருகிறதா என்று கவுன்சிலிடம். காப்பீடு அதற்குச் செல்லுமா என்று நிறுவனத்திடம். செய்ய அனுமதிப்பார்களா என்று வேலை செய்யும் இடத்தில். மூன்றுக்கும் ஆம் என்றால் கோர்ஸின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். தோள்பட்டைக்கு மேலுள்ள தசையிலும் விலா எலும்புகளுக்கு மேலும் ஊசி குத்தும்போது நுரையீரல் உறை கிழிந்து காற்று சேரலாம், அரிது, ஆனால் நடந்திருக்கிறது. அந்த இடத்தில் ஊசியை எந்தக் கோணத்தில் செலுத்துவது, தசையை விரலால் எப்படித் தூக்கிப் பிடிப்பது, நோயாளி வீட்டுக்குப் போனபின் மூச்சு வாங்கினால் என்ன செய்யச் சொல்வது என்று சொல்லித்தராத, மேற்பார்வையில் செய்துபார்க்க விடாத கோர்ஸ் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

என்னைக் கேட்டால் முதல் வருடங்களில் ஊசியை விட, ஆபத்து அறிகுறிகளைக் கண்டுபிடிக்கும் திறமையைக் கூர்மையாக்குங்கள். முதுகுவலி என்று வருகிறவரிடம், உட்காரும் இடத்தில் மரத்துப்போயிருக்கிறதா, சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா, இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்கப் பழக வேண்டும். தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக் கற்றை நசுங்கியிருந்தால் அன்றே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர் அவர்.

முழங்கை:
இழையைத் தினமும் படிக்கிறேன், ஒரு சந்தேகம். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டேன், சந்தா, பதிவு இரண்டையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. யாராவது அனுபவத்தில் சொல்லுங்கள்.

மணிக்கட்டு:
முழங்கை, சங்கத்தில் தாய்மை விடுப்பு, வேலை இடைவெளிக்கென்று குறைந்த சந்தா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், பல இடங்களில் இருக்கிறது, யாரும் தாமாகச் சொல்வதில்லை. பதிவைப் பொறுத்தவரை உங்கள் கவுன்சில் விதிதான் முடிவு. உதாரணத்துக்கு, பிரிட்டனில் நெடுங்காலமாக இருந்த விதி, இரண்டு முதல் ஐந்து வருட இடைவெளி என்றால் 30 நாள், ஐந்துக்கு மேல் போனால் 60 நாள் அறிவைப் புதுப்பித்துவிட்டுத் திரும்பி வா என்பது. அதில் மேற்பார்வையில் வேலை பார்ப்பதும் கணக்கு, படிப்பதும் கணக்கு. அதனால் இடைவெளியிலும் வாசிப்பை விடாதீர்கள், படித்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். நான் திரும்பி வந்தபோது கை கொடுத்தது துணைக்குழுவில் இருந்த ஒரு சீனியர்தான், அவர் கிளினிக்கில் வந்து கூட நின்று பார்க்கச் சொன்னார்.

முழங்கை:
ரொம்ப நன்றி அக்கா, நாளைக்கே கேட்கிறேன்.

நடைக்கோல்:
எல்லோரும் பிசியோ என்ன செய்ய வேண்டும் என்றே பேசுகிறோம். தொடர்கல்வியால் பயன்பெறுவது நோயாளியும் மருத்துவமனையும், செலவும் விடுமுறையும் மட்டும் எங்கள் தலையில். முழு நாளும் நோயாளி பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து வெபினார் பார்க்கிறவர் என்ன கற்றுக்கொள்வார்? வேலை நேரத்துக்குள்ளேயே வாரத்துக்கு ஒரு மணிநேரம் படிக்க ஒதுக்க வேண்டும் என்று சங்கங்கள் முதலாளிகளிடம் கேட்கட்டும். அதைக் கேட்டு வாங்கித் தருகிற சங்கம் என்றால் நான் நாளைக்கே மறுபடி சேருவேன்.

தண்டுவடம்:
அதை உள்ளே இருந்து கேட்டால்தான் தீர்மானமாக வரும் என்பது என் கருத்து. நீங்கள் எழுதிய கடிதத்தைப் பத்து உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுப் பொதுக்குழுவில் வைத்திருந்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் உங்கள் கோபம் நியாயமானது, சேரத்தான் வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்.

நடைக்கோல்:
பொதுக்குழுவில் பேச வாய்ப்பே தராத சங்கங்களும் உண்டு சார். இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை, பரவாயில்லை.

புதுப்பிசியோ:
எல்லோருக்கும் நன்றி. இந்த வருடம் சங்கத்தில் சேருகிறேன், காப்பீடும் எலும்பு-மூட்டுத் துணைக்குழுவும் இருப்பதை இன்று கேட்டு உறுதி செய்துவிட்டேன். ஊசி கோர்ஸைத் தள்ளிவைத்துவிட்டேன். எங்கள் பிரிவில் ஐந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு கேஸ், ஒரு கட்டுரை என்று ஆரம்பிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். இதையும் தொடர்கல்வியாகக் காட்டலாமா? வாட்ஸ்அப்பில் குழு வைக்கலாமா?

மணிக்கட்டு:
பல இடங்களில் காட்டலாம், எதற்கும் உங்கள் கவுன்சில் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, யார் யார் வந்தார்கள், எந்தக் கேள்வி, என்ன முடிவு என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேஸ் கொண்டுவருகிறவர் நன்றாகப் போனதை மட்டும் கொண்டுவரக் கூடாது, சிக்கிக்கொண்டு நிற்கிற கேஸைத்தான் கொண்டுவர வேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். வாட்ஸ்அப் தேதி குறிக்கவும் கட்டுரை லிங்க் போடவும் மட்டும் இருக்கட்டும். நோயாளியின் படமோ ரிப்போர்ட்டோ அதில் போக வேண்டாம், நேரில் பேசும்போது காட்டினாலும் நோயாளியிடம் சம்மதம் வாங்கிவிட்டு, எக்ஸ்ரேயின் மூலையில் இருக்கும் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுக் காட்டுங்கள்.